குழந்தை பழகக் கற்றுக்கொள்வது எப்படி? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

வீட்டுக்கு உறவினர் வந்தால் குழந்தையிடம் மூன்று விஷயங்களை எதிர்பார்க்கிறோம். பயப்படாமல் அவர் மடிக்குப் போக வேண்டும். கேட்டதும் ரைம்ஸ் சொல்ல வேண்டும். கூட வந்த பிள்ளை பொம்மையைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மூன்றையும் செய்தால் 'நல்லாப் பழகுது' என்கிறோம். செய்யாவிட்டால் 'யார்கிட்டயும் ஒட்டாது' என்று பெயர் வைத்துவிடுகிறோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இது அநியாயமான பரீட்சை. அந்த மூன்றையும் வைத்துப் பழகும் திறனை அளக்கவே முடியாது. புது ஆளைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் ஒரு வயதுக் குழந்தை, தன் ஆள் யார், வெளியாள் யார் என்று பிரித்தறியத் தொடங்கியிருக்கிறது. வளர்ச்சி சரியாக நடப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

பழகும் திறன் எதனால் ஆனது, எந்த வயதில் எது வரும், பெரியவர்கள் எங்கே உதவலாம், எங்கே கெடுத்துவிடுகிறோம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

## மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ்ஸும் கீழேயிருந்து காரும் ஒரே நேரத்தில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உரசாமல் கடக்க இரண்டு டிரைவர்களுக்கும் மூன்று விஷயங்கள் கைகொடுக்க வேண்டும். எதிரே வண்டி வருவதை ஹாரன் சத்தத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற முறை தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பிள்ளையோடு விளையாடும் குழந்தைக்கும் இதே மூன்றுதான் தேவை. எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கவனிப்பது முதல் வேலை. தன் ஆசையையோ கோபத்தையோ கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது இரண்டாவது. அந்த நேரத்தில் என்ன சொல்வது, என்ன செய்வது என்ற வழி தெரிந்திருப்பது மூன்றாவது.

மூன்றும் ஒன்றாக வளர்வதில்லை, சிக்கலே இங்கேதான். வழிமுறையைச் சீக்கிரம் ஒப்பிக்கவைத்துவிடலாம். இரண்டு வயதில் 'தேங்க்யூ', 'சாரி' எல்லாம் வந்துவிடும். கவனிப்பது வருடக்கணக்கில் மெல்ல வளரும். பிரேக் எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் ஒப்பிக்கவைப்பதோடு நிறுத்திவிட்டு, "இவ்வளவு சொல்லியும் அடிக்கிறானே" என்று வருந்துகிறோம்.

## முதல் ஆண்டு: முகம், விரல், காத்திருப்பு

பேச்சு வருவதற்கு வெகு முன்பே பழக்கம் தொடங்கிவிடுகிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, இரண்டு விரலைக் கை வழியாக ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு எந்த அம்மாயிக்கும் தெரியும். ஏழெட்டு மாதக் குழந்தையோடு அதை நாலைந்து தடவை விளையாடுங்கள். பிறகு ஒரு தடவை, விரல்கள் முழங்கைக்கு வந்ததும் அப்படியே நிறுத்திப் பாருங்கள். குழந்தை தோளைச் சுருக்கிக்கொண்டு, வாயைப் பாதி திறந்து, உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். சில குழந்தைகள் காலை உதைத்து 'உம்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். இப்போது உங்கள் முறை, அடுத்தது என் முறை என்ற கணக்கு அந்த இரண்டு நொடிகளில் ஓடுகிறது. பின்னாளில் வரப்போகும் உரையாடல், பந்து விளையாட்டு, வரிசையில் நிற்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தக் காத்திருப்புதான். இடையில் நிறுத்தாமல் கடகடவென்று ஓட்டினால் கிச்சுகிச்சு மட்டும்தான் மிஞ்சும்.

ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் அடுத்தது வருகிறது: கூட்டுக் கவனம். இருவர் ஒரே பொருளைப் பார்ப்பதும், அதைத்தான் இருவரும் பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருப்பதும் சேர்ந்தது கூட்டுக் கவனம். குழந்தை மொட்டை மாடியில் காக்காயைக் காட்டி விரல் நீட்டுகிறது, உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. காக்கா அதற்கு வேண்டாம். நீங்களும் பார்த்தீர்களா என்பதுதான் வேண்டும். பிஸ்கட் வேண்டும் என்று விரல் நீட்டுவது வேறு, 'பாரு' என்று விரல் நீட்டுவது வேறு. பழகுவதற்கு இரண்டாவதுதான் முக்கியம். "ஆமா கண்ணு, காக்கா. எப்படிக் கத்துது பாரு" என்று ஒரு வரி சொன்னால் போதும். தறி ஓடும் வீடுகளில் அந்தச் சத்தத்தில் குரல் எடுபடாது. அங்கே குழந்தையின் எதிரில் உட்கார்ந்து, தொட்டு, முகத்தைக் காட்டிப் பேசுவது பழக்கமாக வேண்டும். பகலில் தறி நிற்கும் நேரம் கொஞ்சமாக இருந்தாலும் அதைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள்.

புது இடத்தில் பயப்படலாமா வேண்டாமா என்பதையும் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும் கண்ணாடித் தளத்தில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டார்கள். எதிர்ப்புறம் நின்ற அம்மா மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்துவந்தன. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. ஆடித் திருவிழாவில், சேலம் குகைப் பகுதியில் சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை பார்க்கத் தூக்கிக்கொண்டு போகிறோம். மேளச் சத்தத்தில், வேஷம் கட்டிய சாமிகளைக் கண்டதும் குழந்தை முதலில் திரும்பிப் பார்ப்பது உங்களைத்தான். அந்த நேரத்தில் "பாரு, உன்னப் புடிச்சிட்டுப் போயிடும்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

## பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடும் வயது

இரண்டு வயதில் இரண்டு பிள்ளைகளை ஒரே மணல் குவியலில் விட்டால் இருவரும் அருகருகே உட்கார்ந்து, அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்துச் செய்வார். சேர்ந்து எதையும் கட்ட மாட்டார்கள். இதற்கு இணை விளையாட்டு என்று பெயர். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-இல் குழந்தைகள் விளையாடும் விதங்களைப் பிரித்து எழுதியபோது விவரித்தவற்றில் இது ஒன்று. இந்த வயதுக் குழந்தை 'சேர்ந்து விளையாட மாட்டேங்குது' என்று கவலைப்பட வேண்டாம். சேர்ந்து ஒரு திட்டம் போட்டு விளையாடுவது நான்கு வயதை ஒட்டித்தான் நிலைபெறுகிறது.

இந்த வயதில்தான் 'பகிர்ந்து விளையாடு' என்ற கட்டளையை அதிகம் போடுகிறோம். கொடுத்த பொருள் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இரண்டு வயதில் இன்னும் உறுதிப்படவில்லை. குழந்தையைப் பொறுத்தவரை கொடுப்பது என்றால் போய்விட்டது என்று அர்த்தம். "தம்பி அழறான், விட்டுக்கொடு" என்று நாம் பிடுங்கிக் கொடுத்தால் குழந்தைக்குப் பகிர்தல் தெரிவதில்லை. பலமுள்ளவர் பிடுங்கலாம், அழுதால் கிடைக்கும் என்ற இரண்டு பாடங்கள்தான் தெரிகின்றன.

செய்யக்கூடியது வேறு. பிள்ளைகள் வருவதற்கு முன்பே, கண்டிப்பாகத் தர மாட்டாள் என்று தெரிந்த ஒன்றிரண்டு பொருட்களை அவளிடமே கேட்டு பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே இருப்பவை ஒரே மாதிரி இரண்டிரண்டாக இருக்கட்டும்: இரண்டு பந்து, இரண்டு சிறு வாளி, செப்புச் சாமானில் இரண்டு கரண்டி. மணலும் தண்ணீரும் சிறந்தவை, அவற்றில் யாருக்கும் குறையாது. முதலில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். முக்கால் மணி நேரம் போதும். தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பசியும் தூக்கமும் உள்ள நேரத்தில் எந்தத் திறனும் வெளியே வராது.

ஒரே சைக்கிளுக்கு இருவர் அடித்துக்கொண்டால், "அவ ஓட்டி முடிச்சதும் உனக்கு" என்று முறை வையுங்கள். முடிக்கும் நேரத்தை ஓட்டுகிற பிள்ளையே தீர்மானிக்கட்டும். இது நடக்காது என்றுதான் தோன்றும். ஆனால் யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று உறுதியானதும், தானாக இறங்கிக் கொடுப்பதைப் பல பிள்ளைகளிடம் பார்க்கலாம். காத்திருக்கிற பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மூன்று வயதுக்கு மேல் 'மரத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு' என்று கண்ணுக்குத் தெரியும் அளவு வைக்கலாம். 'அஞ்சு நிமிஷம்' என்பது அந்த வயதுக்குப் புரியாத கணக்கு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதல் ஆண்டில் முறை வைத்து விளையாடுவதும் சேர்ந்து பார்ப்பதும் வருகின்றன. இரண்டு, மூன்று வயதில் பக்கத்தில் இருந்து விளையாடினாலே போதும். கட்டாயப்படுத்திக் கொடுக்கவைத்தால் கொடுக்கும் மனம் வளர்வதில்லை.

## நான்கு வயதில் வரும் பெரிய மாற்றம்

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். அண்ணன் தட்டுவடையை நீல டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவனுக்குத் தெரியாமல் அம்மா அதைச் சிவப்பு டப்பாவுக்கு மாற்றிவிடுகிறார். இதை பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டிவிட்டு, "அண்ணன் வந்ததும் தட்டுவடையை எங்க தேடுவான்?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 'சிவப்பு' என்பார்கள். தனக்குத் தெரிந்தது அண்ணனுக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். நான்கு, ஐந்து வயதில் 'நீலம்' என்ற பதில் வரத் தொடங்கும். இந்த வகைச் சோதனையை 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் சாக்லேட்டை வைத்துச் செய்தார்கள். மற்றவர் மனதில் இருப்பது என் மனதில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்று புரிந்துகொள்வதற்குப் பிறர்மன அறிவு என்று பெயர்.

இதன் சிறு முளை முன்பே வந்துவிடும். 1997-இல் நடந்த ஓர் ஆய்வில் பெரியவர் ஒருவர் பச்சை பிராக்கோலியை ரசித்துச் சாப்பிட்டு, பிஸ்கட்டுக்கு முகம் சுளித்துக் காட்டினார். பிறகு கையை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே பெரும்பாலும் கொடுத்தன. 18 மாதக் குழந்தைகள் பிராக்கோலியை எடுத்துக் கொடுத்தன. ஆக, அடுத்தவரின் விருப்பம் ஒன்றரை வயதில் புரியத் தொடங்குகிறது. அடுத்தவரின் எண்ணம் புரிய நான்கு வயது ஆகிறது. மூன்று வயதுப் பிள்ளையிடம் "நீ அப்படிப் பண்ணா அவ என்ன நெனப்பா?" என்று கேட்டுப் பயனில்லை. "அவளுக்கும் அந்த பந்து வேணுமாம்" என்றால் புரியும்.

இந்த அறிவை வளர்க்கத் தனிப் பாடம் வேண்டாம். அன்றாடப் பேச்சில் மனதைப் பற்றிய சொற்கள் வந்தால் போதும்: "அப்பா சாவி தொலஞ்சிடுச்சுன்னு நெனச்சாரு, ஆனா பையிலயே இருந்துச்சு", "அக்காவுக்கு நீ ஒளிஞ்சது தெரியல". கதை சொல்லும்போதும் நரி என்ன செய்தது என்பதோடு நிறுத்தாமல், காக்கா என்ன நினைத்தது என்று கேளுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் பொய் சொல்லவும் தொடங்குவார்கள். எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்று புரிந்தால்தான் பொய்யே சொல்ல முடியும். திருத்துங்கள், பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம்.

## பிரேக் ஏன் பிடிப்பதில்லை

தெரிந்தும் அடிக்கிறான் என்ற புகார் நியாயமானதுதான். அடிக்கக் கூடாது என்பது மூன்று வயதுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்த கையை நிறுத்தும் வேலையை மூளையின் முன்பகுதி பார்க்கிறது. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயது வரை ஆகும். தன் உணர்ச்சியையும் செயலையும் தானே அடக்கி நடத்துவதைத் தற்கட்டுப்பாடு என்கிறோம். அது வருவதற்கு முன்பு, அமைதியாக இருக்கும் பெரியவரிடமிருந்து குழந்தை அமைதியைக் கடன் வாங்குகிறது. நாம் கத்தினால் கடன் கொடுக்க நம்மிடமும் ஒன்றும் இருக்காது.

பிரேக்கைப் பழக்க விளையாட்டு நல்ல வழி. பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் 'ஸ்டாச்சு', 'கல்லா மண்ணா' இரண்டும் இதற்கென்றே செய்தவை போலிருக்கின்றன. மூன்று வயதில் இரண்டு நொடி அசையாமல் நின்றாலே பெரிய விஷயம். நான்கு வயதில் விதியைத் திருப்பிப் போடுங்கள்: வேகமான பாட்டுக்கு மெதுவாக ஆட வேண்டும், மெதுவான பாட்டுக்கு வேகமாக. கை போகும் வழியை நிறுத்தி வேறு வழியில் விடுவதுதான் இங்கே பயிற்சி. தோற்றவரை வெளியேற்றாதீர்கள், பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியே போய்விடும்.

## சண்டை நடக்கும் அந்த நிமிடம்

நான்கு வயது அக்காவும் மூன்று வயது தம்பியும் ஒரு லாரி பொம்மையை இழுக்கிறார்கள். தம்பி கையை ஓங்குகிறான். தூரத்திலிருந்து கத்தாமல் அருகில் போங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓங்கிய கையை மெதுவாகப் பிடியுங்கள். "அடிக்க விடமாட்டேன் சாமி." இது மட்டும் உறுதியான குரலில். லாரியின் மேல் உங்கள் கையை வையுங்கள், யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டாம். மூச்சு சீராகும் வரை பேச வேண்டாம். கொதிப்பில் இருக்கும்போது எந்த அறிவுரையும் ஏறாது.

பிறகு இருவர் பக்கத்தையும் சொல்லுங்கள். "உனக்கு மண் ஏத்தணும். அக்கா இப்பதான் எடுத்தா, அவளுக்கும் வேணும். லாரி ஒண்ணுதான் இருக்கு. என்ன பண்ணலாம்?" அக்காவிடமிருந்து ஒரு யோசனை வரலாம். தம்பியால் முடியாது, அவன் வாயில் வாக்கியத்தைக் கொடுங்கள்: "முடிச்சிட்டு எனக்குத் தரியாக்கா?" அவன் அதைச் சொன்னதும் அக்கா மறுத்தாலும் மறுக்கலாம். அப்போது காத்திருக்க உதவுங்கள். கேட்டால் உடனே கிடைக்கும் என்று நாம் உறுதி கொடுக்க முடியாது.

அடித்துவிட்டால்? 'சாரி சொல்லு' என்று மிரட்டி வாங்கும் சொல் தப்பிக்கும் சாவியாகிவிடுகிறது. அடிப்பான், சொல்வான், போய்விடுவான். முதலில் அடிபட்ட பிள்ளையை கவனியுங்கள். பிறகு அடித்தவனைக் கூட்டிவந்து, "கை சிவந்திருக்கு பாரு, வலிக்குது அவளுக்கு. துணி நனைச்சு எடுத்துட்டு வா" என்று சரிசெய்யும் வேலை ஒன்றைக் கொடுங்கள். சொல் தானாக வர நாளாகும். வரும்போது பொருளோடு வரும்.

கடிப்பது தனி விஷயம். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் கடிக்கும் பிள்ளைகள் ஏராளம். பேச்சு போதவில்லை, பல் முளைக்கிறது, இடம் நெருக்கமாக இருக்கிறது என்று காரணம் ஏதாவது ஒன்று இருக்கும். எப்போது, யாரிடம், எதற்குப் பிறகு கடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். திருப்பிக் கடித்துக் காட்டுவது வலிக்கவைக்கும், வேறு எதையும் கற்றுத்தராது.

## கூச்சம் குறையல்ல

சில பிள்ளைகள் பிறவியிலேயே நிதானம். புது இடத்தில் முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் இறங்குவார்கள். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டம் கூடும் முன்பே போய்விடுங்கள். கால் மணி நேரம் மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தப் பிள்ளை காதுபட "இவ ரொம்பக் கூச்சம்" என்று சொல்லாதீர்கள். "கொஞ்ச நேரம் பார்த்துட்டு வருவா" என்று சொன்னால் உண்மையும் அதுதான், வழியும் திறந்திருக்கும். முத்தம் கொடு, மடிக்குப் போ என்று வற்புறுத்தவும் வேண்டாம். கும்பிட்டு வணக்கம் சொன்னால் மரியாதை முழுதாகச் சேர்ந்துவிடுகிறது. தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு.

பேசப் பழகச் சந்தை நல்ல இடம். சேலம் சூரமங்கலம் உழவர் சந்தையில் வாரா வாரம் ஒரே கடைக்குப் போங்கள். முதல் வாரம் பையை நீட்டினால் போதும். அடுத்து காசு கொடுக்கட்டும். பிறகு "அக்கா, கால் கிலோ தக்காளி" என்ற ஒரே வாக்கியம். ஒரே ஆள், ஒரே வாக்கியம், சொன்னதும் கையில் பொருள்: கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிட எளிய மேடை கிடைக்காது. குரல் எழாவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். உடனே நீங்கள் சொல்லிவிட்டால் அந்த வாரம் வாய்ப்புப் போனது.

விளையாடும் கூட்டத்தில் சேர்வது பெரியவர்களுக்கே கடினம். "போய், நானும் வரட்டான்னு கேளு" என்றுதான் அனுப்புகிறோம். அப்படிக் கேட்டால் 'வேண்டாம்' என்ற பதில் சுலபமாக வந்துவிடும். சட்டென்று சேர்ந்துவிடும் பிள்ளைகள் வேறு மாதிரி செய்கிறார்கள். பக்கத்தில் நின்று என்ன விளையாட்டு என்று பார்க்கிறார்கள். அதையே ஓரமாகச் செய்கிறார்கள். பிறகு அந்த விளையாட்டுக்கு உதவும் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். ஏற்காடு ஏரிக்கரைப் பூங்காவில் நாலு பிள்ளைகள் இலை வைத்துக் கடை நடத்தினால், "எவ்வளவுங்க இந்தக் கீரை?" என்று வாங்கப் போகும் பிள்ளையை யாரும் தடுப்பதில்லை. இதை வீட்டில் நீங்கள் கடைக்காரராக இருந்து ஒத்திகை பார்க்கலாம்.

சுருக்கமாக: எதிராளியின் எண்ணம் நான்கு வயதில் புரியத் தொடங்கும், பிரேக் அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். சண்டை, சந்தை, பூங்கா எல்லாம் பயிற்சிக் களங்கள். வாக்கியத்தை நாம் தரலாம், சொல்வது பிள்ளையின் வேலை.

## செல்போன் எங்கே இடிக்கிறது

திரையில் வரும் பொம்மை குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. குழந்தை சிரித்தாலும் அழுதாலும் அது தன் பாட்டைப் பாடிக்கொண்டே போகும். முழங்கையில் நின்ற விரல் கொடுத்த அந்தக் காத்திருப்பு அங்கே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கொடுத்த வழிகாட்டலின்படி இரண்டு வயது வரை திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதற்கும் குறைந்தால் நல்லது. தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசினால் எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

## எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். எந்த வயதிலும் வந்த பேச்சோ பழக்கமோ திரும்பிப் போய்விட்டால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற ஆறுதலில் போகும் மாதங்கள் விலைமதிப்பற்றவை. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். சரியாகக் கேட்காத குழந்தையும் 'யாரோடும் ஒட்டாத' குழந்தை போலத்தான் தெரியும்.

2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-வில் (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்) மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும்; எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு, உங்கள் சந்தேகத்தை அன்று நேரில் சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு நேரே போகலாம். போகும்போது வீட்டில் குழந்தை விளையாடுவதையும், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என்ன செய்கிறது என்பதையும் இரண்டு மூன்று நிமிட வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில், புது ஆளுக்கு முன்னால், அரை மணி நேரம் காத்திருந்து அழுது களைத்த குழந்தையை வைத்து மருத்துவர் முடிவெடுப்பது கடினம்.